அருஞ்சொல்லும் எளிய சொல்லும் – ஆங்கிலச் சொற்பொருள் வேறுபாட்டின் வரலாறு

ஆங்கிலம் கற்கும் நம்மவரிடையே ஓர் எண்ணம் வேரூன்றியுள்ளது. எல்லோரும் அறிந்த சிறிய சொல்லைக் கையாள்பவன் சிறிதே கற்றவன் என்றும், அகராதியைப் புரட்டினாலன்றி விளங்காத நீண்ட சொல்லைக் கையாள்பவன் பெரிதும் கற்றவன் என்றும் பலர் கருதுகின்றனர். வரவேற்புப் பத்திரமோ, பிரியாவிடை உரையோ, விண்ணப்பக் கடிதமோ எழுதப் புகும் இளைஞர் முதலில் எளிய சொற்களால் எழுதி, பின்பு அவற்றை ஒவ்வொன்றாக நீக்கி அரிய சொற்களைப் பெய்வதும் உண்டு. இவ்வெண்ணத்தின் அடியில் ஒரு நம்பிக்கை மறைந்து கிடக்கின்றது. எளிய சொல்லுக்கும் அரிய சொல்லுக்கும் பொருள் ஒன்றே, உடைதான் வேறு என்பதே அது. இந்நம்பிக்கை பொருந்துமா என்பதை ஆங்கில மொழியின் வரலாற்றிலிருந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களை இவ்வாறு பகுத்து நோக்குதல் தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியனார் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். யாவர்க்கும் இயல்பாகப் பொருள் விளங்குவது இயற்சொல் என்றும், கற்றார்க்கே விளங்குவது திரிசொல் என்றும் பின்வந்த இலக்கணத்தார் விளக்கினர். ஆங்கிலத்திலும் இத்தகைய பகுப்பு உண்டு. ஆனால் அதனைச் செய்தவர் இலக்கணப் புலவர் அல்லர். போரும், மதமும், நீதிமன்றமும், அச்சுக்கூடமும் சேர்ந்தே அதனைச் செய்தன.

மூன்று அடுக்குகள்

பிரித்தானியாவிலிருந்து உரோமர் ஆட்சி நீங்கிய பின், கி.பி. 5ஆம் நூற்றாண்டில் ஆங்கிலர், சாக்சானியர் முதலிய செருமானிய இனத்தார் அங்கே வந்து குடியேறினர். அவர்கள் பேசிய மொழியே ஆங்கிலத்தின் வேர். வீடு, நீர், தாய், தந்தை, உண்ணுதல், உறங்குதல் ஆகியவற்றைக் குறிக்கும் இன்றைய ஆங்கிலச் சொற்கள் அவ்வேரிலிருந்து முளைத்தவையே. 597ஆம் ஆண்டில் உரோமாபுரியிலிருந்து வந்த கிறித்தவ குருமார் இலத்தீன் சொற்கள் பலவற்றைக் கொணர்ந்தனர். 9ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்திலும் கிழக்கிங்கிலாந்திலும் குடியேறிய தேனர் தம் மொழிச் சொற்களைக் கலந்தனர்.

தேனர் கலப்பால் விளைந்த குழப்பத்தை, இங்கிலாந்தின் முதல் அச்சுத் தொழிலாளரான வில்லியம் கக்ஸ்ரன் 1490ஆம் ஆண்டில் தாம் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையிலே சுவைபடக் கூறியுள்ளார். தேம்சு நதிவழியே கடல் கடந்து செல்லப் புறப்பட்ட வணிகர் சிலர், காற்றில்லாமையாற் கரையிறங்கினர். அவருள் ஒருவர் ஒரு வீட்டை அணுகி, உண்பதற்கு முட்டை வேண்டுமென்று "எக்ஸ்" என்ற சொல்லாற் கேட்டார். வீட்டுக்காரி தனக்குப் பிரெஞ்சு மொழி தெரியாதென்றாள். வணிகர் வெகுண்டார், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. உடனிருந்த மற்றொருவர் "ஐரன்" என்று சொல்லவே அவள் விளங்கிக்கொண்டாள். "எக்" தேனர் வழிவந்த சொல். "ஐரன்" பழைய ஆங்கிலச் சொல். இன்று குழந்தையும் அறிந்த சொல் அன்று அவ்வூர்ப் பெண்ணுக்கு அருஞ்சொல்லாய் இருந்தது. எனவே அருமையும் எளிமையும் சொல்லோடு பிறந்த குணங்கள் அல்ல. காலமும் இடமும் அவற்றைத் தருகின்றன.

மிகப் பெரிய மாற்றம் 1066ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் நாள் நிகழ்ந்த ஹேஸ்ரிங்ஸ் போரால் வந்தது. நோர்மண்டிக் கோமகன் வில்லியம் வெற்றி பெற்று அரசனானான். அரசவை, நிலவுடைமை, நீதி ஆகிய அனைத்திலும் அவனுடைய பிரெஞ்சு மொழி அமர்ந்தது. கல்விக்கும் வழிபாட்டுக்கும் இலத்தீன் நின்றது. உழவனும் ஆயனும் கொல்லனும் ஆங்கிலத்தையே பேசினர். பின்வந்த மூன்று நான்கு நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 10,000 பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்திற் புகுந்தன என்பர் மொழிவரலாற்று அறிஞர்.

இதனால் ஒரே கருத்துக்கு மூன்று அடுக்கிலும் சொற்கள் தோன்றின. கேட்டலைக் குறிக்க "ஆஸ்க்" என்பது நாட்டுச் சொல். "குவெஸ்சன்" பிரெஞ்சு வழி வந்தது. "இன்ரெறொகேற்" இலத்தீனிலிருந்து வந்தது. ஆனால் இம்மூன்றும் ஒன்றா? பிள்ளை தாயிடம் சோறு வேண்டுமென்று கேட்பது முதலாவது. ஆசிரியர் மாணவனை வினாவுவது இரண்டாவது. காவற்றுறை அதிகாரி கைதியை விசாரிப்பது மூன்றாவது. அடுக்கு உயர உயர அன்பு குறைந்து அதிகாரம் ஏறுவதைக் காண்க. "ஹார்ட்டி", "கோர்டியல்" என்ற சொற்கள் இரண்டும் இதயத்தைக் குறிக்கும் வேர்களிலிருந்தே வந்தன. எனினும் முன்னையது வாய்விட்டுச் சிரித்துத் தோளைத் தழுவும் வரவேற்பு. பின்னையது முறை தவறாது கைகுலுக்கும் வரவேற்பு.

தொழுவமும் போசன மேசையும்

உயிரோடு தொழுவத்தில் நிற்கையில் "ஒக்ஸ்", "ஷீப்", "சுவைன்" எனப்படும் மாடும் ஆடும் பன்றியும், சமைத்து மேசைக்கு வந்ததும் "பீஃப்", "மற்றன்", "போர்க்" எனப் பிரெஞ்சுப் பெயர் பெறுகின்றன. மேய்த்தவன் ஆங்கிலேயன், உண்டவன் நோர்மானியன் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவர். 17ஆம் நூற்றாண்டிலேயே யோன் வாலிஸ் என்னும் அறிஞர் இதனைக் குறித்துள்ளார். சேர் வோல்ரர் ஸ்கொற் 1819ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த "ஐவன்ஹோ" என்னும் நவீனத்தில் ஒரு விகடன் வாயில் வைத்துக் கூறியதால் இக்கருத்து உலகறிந்ததாயிற்று.

இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் முழு உண்மை அன்று. இடைக்காலத்து எழுத்துக்களில் "பீஃப்", "மற்றன்" என்பன உயிருள்ள விலங்குகளையும் குறித்து வந்துள்ளன. இன்று நாம் காணும் தெளிவான பிரிவு பல நூற்றாண்டுகள் சென்ற பின்னரே உறுதிப்பட்டது. ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் நெடுங்காலம் சேர்ந்து வாழ்வது அரிது. ஒன்று மறையும், அன்றேல் இரண்டும் பாகப்பிரிவினை செய்துகொள்ளும். தொழுவமும் மேசையும் அவ்வாறு வந்த பாகங்களே.

இடம் பெயர்ந்த பொருள்கள்

இப்பாகப்பிரிவினையில் பழைய சொற்கள் பல தம் பரந்த காணியை இழந்து ஒரு மூலையில் ஒதுங்கின. "டூம்" என்பது பழைய ஆங்கிலத்தில் சட்டம், தீர்ப்பு என்ற பொருளுடையது. பிரெஞ்சிலிருந்து "ஜட்ஜ்மென்ற்" வந்து நீதிமன்றத்தைப் பற்றிக்கொள்ளவே, "டூம்" கொடிய முடிவு என்ற அச்சந்தரும் பொருளோடு ஒதுங்கிற்று. "டியர்" என்பது முன்பு விலங்கு யாவற்றுக்கும் பொதுப்பெயர். "பீஸ்ற்", "அனிமல்" என்பன வந்தபின் அது மான் ஒன்றுக்கே உரியதாயிற்று. வடமொழியில் மிருகம் என்ற சொல் விலங்கையும் மானையும் குறித்து நிற்பதை அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது.

"ஸ்ரெஞ்ச்" என்ற சொல்லின் கதை தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. பழைய ஆங்கிலத்தில் அது நறுமணத்தையும் தீய மணத்தையும் ஒருங்கே குறித்தது. "ஓடர்", "பெர்ஃபியூம்" முதலிய சொற்கள் புகுந்தபின் அச்சொல்லுக்குத் துர்நாற்றமே எஞ்சியது. நம் பழந்தமிழிலும் நாற்றம் என்பது பொதுவாக மணத்தைக் குறித்தது. மலரின் நறுமணத்தையும் அச்சொல்லாலே புலவர் பாடினர். இன்று மலர் நாறுகின்றது என்று ஒருவர் சொன்னால் மற்றவர் மூக்கைப் பொத்திக்கொள்வர். தூரத்து மொழிகள் இரண்டிலே, ஒரே வகைச் சொல் ஒரே வழியிற் சென்று இழிந்தமை சிந்திக்கத்தக்கது.

வழக்காடியவன் அறியாத வழக்கு

சொல்லின் அருமை வெறும் புலமைப் பொருளாக மட்டும் இருந்திருப்பின் இவ்வளவு விரித்து எழுத வேண்டியதில்லை. மனிதரின் உடைமையும் உயிரும் அதிலே தங்கியிருந்தன. நோர்மானியர் காலத்துக்குப்பின் இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் வழக்குகள் பிரெஞ்சு மொழியில் நடைபெற்றன. தன் நிலத்துக்காக வழக்காடிய உழவன், தனக்கு ஆதரவாகப் பேசப்படுவது யாது, எதிராகப் பேசப்படுவது யாது என்று அறியாமல் நின்றான். 1362ஆம் ஆண்டில் மூன்றாம் எட்வேட் மன்னன் காலத்துச் சட்டமொன்று, மக்கள் இம்மொழியை அறியார் என்பதைக் காரணங்காட்டி, வழக்குகள் ஆங்கிலத்திற் பேசப்பட வேண்டுமெனவும் இலத்தீனிற் பதியப்பட வேண்டுமெனவும் விதித்தது. விந்தை யாதெனின், அச்சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டதாகும். வழக்கறிஞர் தம் பிரெஞ்சை எளிதிற் கைவிடவில்லை. பதிவுகளும் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டுமென்ற சட்டம் 1731ஆம் ஆண்டில் நிறைவேறி, 1733ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள்முதலே நடைமுறைக்கு வந்தது. முதற் சட்டத்துக்கும் இதற்கும் இடையே சென்ற காலம் 370 ஆண்டுகளுக்குச் சற்றே மேல்.

அந்நெடிய கலப்பின் தடங்கள் சட்ட ஏடுகளில் இன்றும் உள்ளன. மரணசாசனத்தை "வில்" என்றும் "ரெஸ்ரமென்ற்" என்றும் இரட்டித்துச் சொல்வர். முன்னையது ஆங்கிலம், பின்னையது இலத்தீன். உடைமைகளை "கூட்ஸ்" என்றும் "சற்றல்ஸ்" என்றும் சொல்வர். முன்னையது ஆங்கிலம், பின்னையது பிரெஞ்சு. ஆங்கிலேயர் ஆட்சியின் வழியாக இச்சொல்வழக்கு நம் நாட்டு நீதிமன்றங்களுக்கும் நொத்தாரிசுமார் எழுதும் உறுதிகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஆயினும் சட்டத்தில் அருஞ்சொல் எல்லாம் வீண் என்று கருதற்க. "மேர்டர்" என்ற சொல்லைப் பலரும் அறிவர். "ஹொமிசைட்" என்பது அத்துணைப் பழக்கமானதன்று. இரண்டும் கொலையைத்தானே குறிக்கின்றன என்று எண்ணினால் பெரும் பிழை நேரும். ஒரு மனிதன் மற்றொரு மனிதனின் உயிரைப் போக்குதல் எவ்வகையானும் "ஹொமிசைட்" ஆகும்; தன்னுயிர் காக்கச் சட்டம் அனுமதித்த வழியிற் செய்ததும் அதனுள் அடங்கும். சட்டம் வகுத்த தீய கருத்தோடு செய்ததே "மேர்டர்". 1883ஆம் ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை, இவ்விரு சொற்களையும் கொண்டே, தண்டனைக்குரிய மனிதக் கொலைக்கும் கொடுங்கொலைக்கும் எல்லை வகுத்தது. ஒருபுறம் சிறை, மறுபுறம் சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட மரணதண்டனை.

மைக்கூட்டுச் சொற்கள்

16ஆம் நூற்றாண்டில் இலத்தீன், கிரேக்க நூல்களின் பயிற்சி இங்கிலாந்திற் பெருகிற்று. கற்றோர் புதுப்புதுச் சொற்களை அம்மொழிகளிலிருந்து இறக்குமதி செய்தனர். பேச்சில் வழங்காது எழுதுவோனின் மைக்கூட்டிலிருந்தே பிறந்தமையால் அவற்றை மைக்கூட்டுச் சொற்கள் என்று எள்ளினர் எதிர்ப்பாளர். 1553ஆம் ஆண்டில் தோமஸ் வில்சன் சொல்வன்மை பற்றி எழுதிய நூலில், இத்தகைய சொற்களை நிறைத்துக் கேலிக் கடிதம் ஒன்றைப் புனைந்து காட்டினார். சேர் யோன் சீக் என்ற பேராசிரியர் ஆங்கிலம் பிறமொழிக் கலப்பின்றி இயங்க வேண்டுமென்றார். அவர் மத்தேயுவின் சுவிசேடத்தை மொழிபெயர்த்தபோது, நூறு வீரருக்குத் தலைவனைக் குறிக்கும் "செஞ்சூரியன்" என்ற சொல்லுக்குப் பதிலாக "ஹண்ட்றெடர்" என்று நாட்டுச் சொல் ஆக்கினார்.

இருசாராருள் வென்றவர் யார்? எவரும் முற்றாக வெல்லவில்லை. வில்சன் எள்ளிய சொற்களுள் "ஒப்ரெஸ்ரேற்", "இன்ஜென்ற்" போன்றன இறந்தன. "செலிபிறேற்", "டெக்ஸ்ரெறிற்றி" முதலியன நிலைத்து, இன்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்தனவாயின. சீக் ஆக்கிய "ஹண்ட்றெடர்" வாழவில்லை. தேவையை நிறைவேற்றிய சொல் நின்றது; பகட்டுக்காக வந்த சொல் போயிற்று. தூய்மை ஒன்றையே கருதிப் படைத்த சொற்களும் மக்கள் நாவிலே ஏறாதவிடத்துப் பிழைக்கவில்லை.

அதே நூற்றாண்டில் ஒரு சொல் பற்றிய பிணக்கு மதப்போராயும் மூண்டது. வில்லியம் ரிண்டேல் உழவனும் படித்தறியும் வண்ணம் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் ஆக்கி 1526ஆம் ஆண்டில் அச்சிட்டார். பழைய மொழிபெயர்ப்புகளில் "சரிற்றி" என்று வழங்கிய இடத்தில் அவர் "லவ்" என்ற எளிய சொல்லை வைத்தார். சேர் தோமஸ் மோர் அதனைக் கண்டித்து எழுதினார். சொல்லை மாற்றினாற் கோட்பாடு மாறும் என்பது அவர் அச்சம். சொல்லை மாற்றினாலன்றி மக்களுக்கு விளங்காது என்பது ரிண்டேலின் துணிவு. ரிண்டேல் மதத்துரோகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1536ஆம் ஆண்டிற் கொல்லப்பட்டார். குற்றச்சாட்டுக்கள் பல; சொற்கள் மட்டும் காரணமல்ல. எனினும் பெருஞ்சான்றோர் இருவர் ஒரு சிறு சொல்லுக்காக வாதிட்டது, இருசொற்களும் ஒருபொருளன அல்ல என்பதை இருவரும் உணர்ந்திருந்தமையாலேயாம். 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு, பவுல் அன்பைப் புகழும் புகழ்பெற்ற அதிகாரத்தில் மீண்டும் "சரிற்றி" என்றது. 1881ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பு "லவ்" என்பதற்கே திரும்பிற்று. அதற்கிடையில் "சரிற்றி" என்பது பெரும்பாலும் ஏழைக்கிடும் தருமம் என்ற அளவிற் சுருங்கிவிட்டது.

கடுஞ்சொல் அகராதிகள்

ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதி 1604ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைத் தொகுத்தவர் றொபேட் கோட்றி என்னும் பாடசாலை ஆசிரியர். அதில் ஏறத்தாழ 2,500 சொற்களே உள. வீடு, நீர் போன்ற எளிய சொற்களுக்கு அதில் இடமில்லை. இலத்தீன் கற்க வாய்ப்பற்ற பெண்களுக்கும் பிறருக்கும் கடுஞ்சொற்களை விளக்குவதே தம் நோக்கமென நூலின் முகப்பிலேயே அவர் குறித்தார். கற்றோர் எழுப்பிய மதிலில் கல்லாதார்க்கென வைத்த வாயில் அது. அம்முதற் பதிப்பின் ஒரே பிரதி ஒக்ஸ்போட் பொட்லியன் நூலகத்தில் எஞ்சியுள்ளது.

1623ஆம் ஆண்டில் ஹென்றி கொக்கறம் வெளியிட்ட அகராதி மற்றொரு வாயிலையும் திறந்தது. அதன் ஒரு பகுதி கடுஞ்சொல்லுக்கு எளிய பொருள் தந்தது. வேறொரு பகுதியோ எளிய சொல்லைத் தந்து அதற்கீடான பகட்டுச் சொல்லைக் காட்டியது. நம் இளைஞர் இன்று விண்ணப்பக் கடிதத்துக்குச் செய்யும் வேலையை அக்காலத்து இளைஞர் செய்வதற்கு உதவிய நூல் அது எனலாம்.

எளிய சொற்களுக்கும் பொருள் எழுத வேண்டுமென்ற உணர்வு 18ஆம் நூற்றாண்டிலேயே வலுப்பெற்றது. சாமுவேல் யோன்சன் 1755ஆம் ஆண்டில் தம் பேரகராதியை வெளியிட்டார். எளிய சொற்களை விளக்குவதே கடினம் என்பதை அவர் அநுபவத்தாற் கண்டார். எளிய சொல்லை விளக்க அதனினும் எளிய சொல் ஏது? "நெற்வேர்க்" என்ற வலைப்பின்னலைக் குறிக்கும் சொல்லுக்கு அவர் எழுதிய விளக்கம், அச்சொல்லைவிடப் பன்மடங்கு கடினமாய் அமைந்து இன்றும் நகைப்புக்கு இடமாகின்றது. மற்றொருபுறம், "ரேக்" என்னும் சிறு வினைச்சொல்லுக்கு 130க்கு மேற்பட்ட பொருள்களை அவர் நுணுகிப் பிரித்துத் தந்தார். 1857ஆம் ஆண்டிற் கருக்கொண்டு 1928ஆம் ஆண்டில் நிறைவெய்திய ஒக்ஸ்போட் பேரகராதி நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களை உடையது. அதன் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் "செற்" என்ற மூன்றெழுத்துச் சொல்லின் வினைவடிவத்துக்கு மட்டும் 430 பொருள்கள் வகுக்கப்பட்டன.

இதிலிருந்து ஒரு விதி புலனாகின்றது. மிகுதியாக வழங்கும் சொல் பல பொருள்களைத் தாங்கும்; அருகி வழங்கும் சொல் ஒன்றிரண்டையே தாங்கும். அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் கிங்ஸ்லி சிஃப் 1945ஆம் ஆண்டில் இதனைக் கணக்கிட்டு நிறுவினார். எளிய சொல் ஊர்க்கிணறு போன்றது; எல்லோரும் எல்லாத் தேவைக்கும் அதிலே அள்ளுவர். அருஞ்சொல் மருந்துக்குப்பி போன்றது. ஒரு நோய்க்கே உதவும், வேறொன்றுக்கு அதைக் கொடுத்தால் கேடு விளையும்.

நமக்குரிய பாடம்

மருந்து தேவைப்படும் இடமும் உண்டு. தாய்மாமனை ஆங்கிலத்தில் "மற்றேர்னல் அங்கிள்" என்கிறோம். "மற்றேர்னல்" என்பதைக் கடுஞ்சொல் எனத் தள்ளி, அதற்கு நேரான "மதர்லி" என்ற எளிய சொல்லை வைத்தால், தாய்போல் அன்பு காட்டும் மாமன் என்றாகும். மாமன் நல்லவராயின் அதுவும் பொருந்தலாம். ஆனால் உறவுமுறை விளங்காது. இங்கே அருஞ்சொல்லே சரியான சொல்.

பொருள் அறியாது மருந்தை எடுப்பதே ஆபத்து. வரவேற்புப் பத்திரத்தில், தலைவர்க்கு நிறைந்த புகழுரை வழங்குகின்றோம் என்று கருதி "ஃபுல்சம்" என்று எழுதுவோர் உளர். அச்சொல் கேட்போர் முகஞ்சுளிக்கும் போலிப் புகழ்ச்சியையே பெரும்பாலும் குறித்து வந்துள்ளது. "நொய்சம்" என்பதற்கும் ஓசைக்கும் தொடர்பில்லை. அது தீநாற்றமும் கேடும் உடையதைக் குறிக்கும். "எனோர்மிற்றி" என்பதைப் பருமையைக் குறிக்க எழுதினால், கொடுமை என்று படிப்பவர் பலர். "நொற்றோறியஸ்" என்பது தீயவற்றாற் பெயர் பெற்றவனுக்கே உரியது. "டிஸ்இன்ரறெஸ்ரெட்" என்பது அக்கறையற்றவன் என்ற பொருளிலும் வழங்குகின்றதாயினும், தன்னலங் கருதாத நடுநிலையாளன் என்பதே கற்றோர் போற்றும் பொருள். ஒரு நீதிபதிக்கு இவ்விரண்டனுள் எதைச் சொல்கின்றோம் என்பது சிறிய விடயமன்று.

இத்தகைய பிழையை ஆங்கிலேயரும் செய்தனர். செய்தவரைப் பார்த்து நகைத்தும் இருக்கின்றனர். 1775ஆம் ஆண்டில் அரங்கேறிய ரிச்சேட் செரிடனின் நாடகத்தில் வரும் மலப்றொப் சீமாட்டி, பெருஞ்சொற்களை ஆசையோடெடுத்து ஒன்றுக்குப் பதில் ஒன்றாகச் சிந்துகின்றாள். அவள் பெயரே அப்பிழைக்குப் பெயராகி ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. 1948ஆம் ஆண்டில் பிரித்தானியத் திறைசேரியின் வேண்டுகோளின்படி சேர் ஏர்ணெஸ்ற் கவர்ஸ் அரசாங்க உத்தியோகத்தருக்கென எளிய சொற்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். அரசாங்கக் கடிதம் பெறும் சாதாரண குடிமகனுக்கு அது விளங்க வேண்டுமென்பதே அவர் கருத்து. 1362ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் நின்ற உழவனின் குறையை, 586 ஆண்டுகளின் பின் மீண்டும் எடுத்துரைத்தவர் அவர் எனலாம்.

ஆகவே, இளைஞர்களே, அருஞ்சொல்லை அஞ்சவும் வேண்டா. அதனை அணிகலனாகப் பூணவும் வேண்டா. நூல்களில் ஓர் அருஞ்சொல்லைக் காணுந்தோறும், இதற்கு எளிய சொல் யாது என்று கேட்பதோடு அமையாது, அவ்வெளிய சொல்லிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகின்றது என்றும் கேளுங்கள். எழுதும்போது, வேறுபாடு வேண்டிய இடத்தில் அருஞ்சொல்லை வையுங்கள். வேறுபாடு இல்லாத இடத்தில் எளிய சொல்லையே வையுங்கள். நம் கடிதத்தைப் படிப்பவர், நம் உரையைக் கேட்பவர், நம்மிடம் வழக்குரைக்க வருபவர் ஆகிய எவரும், தமக்குச் சொல்லப்பட்டது யாது என்று அறியாமல் நிற்றல் கூடாது. ஆங்கிலத்துக்கு மட்டுமன்றி, நாம் மேடையிலும் ஏட்டிலும் கையாளும் நம் தாய்மொழிக்கும் இது பொருந்தும்.